ஸ்டெல்லா வளர்த்த கடல் சாமந்தி

திண்டிவனம் பஸ்ஸின் கண்டக்டர்தான் விழுப்புரத்தில் என் வீட்டு வாசலில் நின்று செய்தியைச் சொன்னார். "உங்ககூட வேலை பார்த்தாங்களே ஸ்டெல்லா நர்சம்மா, விடியக்காலைல தவறிட்டாங்க. ஜல்தியா கெளம்புங்க." அடக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவளிடம் பிள்ளை பெற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்கெல்லாம் அவளை நர்சாகத் தெரியும். அவள் தன் வீட்டு முன்னறையில் கொஞ்சம் கடலை வைத்திருந்தது சிலருக்கே தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பிரசவ வார்டு. கடலோர ஊரான மண்டபத்தில் ரயில் வேலையிலிருந்த அவள் தம்பி அந்தோணி, விடுமுறைக்கு வந்தபோது கண்ணாடி ஜாடிகளில் ஒரு கடல் சாமந்தியையும் இரண்டு கோமாளி மீன்களையும் கொண்டுவந்தான். பூவைப்போல விரிந்திருந்தாலும் கடல் சாமந்தி ஓர் உயிர்ப்பிராணி. அதன் விரல் போன்ற இழைகளில் படும் சிறு மீன்களைக் கொட்டி விழுங்கிவிடும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் மட்டும் அதற்குள்ளேயே குடியிருக்குமாம். "ஆனா இது வேற எடத்துல புடிச்ச மீன்க்கா. இதுங்க ஒண்ணுக்கொண்ணு பழகுமான்னு தெரியல" என்றான்.

ஆசாரி ஒருவர் கண்ணாடித் தொட்டி செய்து கொடுத்தார். காற்றடைத்த லாரி டியூபிலிருந்து மெல்லிய குழாய் வழியே தண்ணீருக்குள் குமிழி விட்டாள். வாரந்தோறும் மரக்காணம் போய் ஊறுகாய் ஜாடிகளில் கடல்நீர் கொண்டுவந்தாள். "உப்புத் தண்ணிய ஏம்மா இம்மாந் தூரம் தூக்கிகினு போறீங்க?" என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். "வூட்ல விருந்தாளி இருக்காங்க" என்றாள்.

மீன்களோ சாமந்தியை அண்டவில்லை. மூலையிலிருந்த பானை ஓட்டின் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. நான்காம் நாள் பொறுமையிழந்து, ஒன்றைக் கையால் அள்ளிச் சாமந்தியின் மேல் விட்டாள். அது துடித்து விலகியது. மாலைக்குள் செத்து மிதந்தது. வார்டில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தவள் அன்று சாப்பிடவில்லை.

"பிரசவத்துல ஒரு நாளும் அவசரப்படாதவ, இதுங்கிட்ட அவசரப்பட்டுட்டேன் சரோஜா" என்றாள்.

அதன்பிறகு மீனை அவள் தொடவே இல்லை. பானை ஓட்டை எடுத்துவிட்டாள். இறால் துணுக்கை மூங்கில் குச்சியில் குத்தி, நாளுக்கு நாள் சாமந்திக்குக் கொஞ்சம் நெருக்கமாக நீட்டினாள். மீன் வரும், தின்னும், ஓடிவிடும். மூன்று வாரம் இப்படியே போனது. பேசாமல் கடலில் விட்டுவிடு என்றேன்.

"அதோட பயம் அதுவா போவணும். பக்கத்துல சோறு வைக்கிறதுதான் நம்ம வேல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலிலிருந்து திரும்பியபோது நான் அங்கே இருந்தேன். இறாலுக்கு வந்த மீன், தின்றபின் ஓடவில்லை. வாலால் சாமந்தியின் ஒரு விரலைத் தொட்டது. வெடுக்கென்று விலகியது. மறுபடி தொட்டது. பிறகு துடுப்பு, பிறகு வயிறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே செய்தது. ஸ்டெல்லா குச்சியைப் பிடித்தபடி உட்காரவும் மறந்து நின்றாள். கடைசியில் மீன் உடம்பை வளைத்து அந்த விரல்களுக்கு நடுவே புகுந்து புரண்டது. ஒரு மீனைக் கொன்ற அதே விரல்கள் இதை ஒன்றும் செய்யவில்லை. அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"யாருடி சொல்லிக்குடுத்தா இதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் சுடத் தொடங்கியதும் லீவு போட்டு, இரண்டையும் ஒரே ஜாடியில் மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டாள். "ரயில் ஆடுன ஆட்டத்துல நானே வாந்தி எடுத்தேன். அது உள்ளவே படுத்துகினு வந்துச்சு" என்றாள், பெற்றவளின் பெருமையோடு.

பிறந்த குழந்தையின் தலையைப் பிடித்துத் தாயின் மார்பில் அழுத்துவது அதுவரை என் வழக்கம். பிறகு அதை விட்டேன். மார்பின் மேல் கிடத்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன். கண் திறக்காத அந்தச் சிசு தலையை அசைத்து அசைத்துத் தேடி, தானாகவே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூச்சடக்கிப் பார்ப்பேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான்.