லொரெய்ன் சொல்லிக்கொடுத்த மரியாதை

எங்கள் பள்ளியில் அதிகம் சத்தம் போடும் அறை எது என்று கேட்டால், காது கேளாத பிள்ளைகளின் அறை என்பேன். அதற்கு நேர் கீழே சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்தே வயதானவள் நான். மேலே அவர்கள் மரத்தரையைக் காலால் உதைத்து அந்த அதிர்வால் ஒருவரையொருவர் கூப்பிடும்போதெல்லாம் என் தலையில் சுண்ணாம்பு உதிரும். வட இங்கிலாந்து, யார்க்‌ஷயரின் பழைய செங்கல் கட்டடம், வேறென்ன செய்யும்?

அந்த அறையின் உதவியாளர் லொரெய்ன் பிக்கர்ஸ்கில், சுரங்கத் தொழிலாளியின் மகள். காது கேட்காத தம்பியோடு சண்டை போட்டே சைகை மொழி கற்றவள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அங்கே படித்த கீரா என்ற ஏழு வயதுக்காரி அவளுக்கு உயிர். கீராவின் வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. அந்தக் குழந்தை மனம் விட்டுப் பேசியது அந்த அறையில் மட்டும்தான்.

ஒருநாள் கல்வி அமைச்சர் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. தலைமையாசிரியைக்குக் கை கால் ஓடவில்லை.

"இந்த ரூம் எதுக்குன்னு லண்டன்ல கேக்குறாங்களாம், லொரெய்ன். அமைச்சருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா தப்பிச்சோம். பிள்ளைங்க மானத்தை வாங்காம பாத்துக்கோ."

லொரெய்ன் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தாள். கழுத்தில் பார்வையாளர் அட்டை மாட்டிய ஆள் உள்ளே வந்தால் கை கட்டி அசையாமல் உட்கார வேண்டும். ஆள் போனதும் ஆசை தீரத் தரையை உதைக்கலாம். விருந்தாளி வந்தால் நல்ல கோப்பையை எடுத்து வைப்பவர்கள் நாங்கள். இதையும் அப்படித்தான் நினைத்தாள்.

அமைச்சர் வந்தார், சிரித்தார், படம் எடுத்துக்கொண்டார். "இந்த ரூமுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். அவருடைய ஆலோசகர் பியர்ஸ் மட்டும் பின்தங்கினார். முப்பது வயதிருக்கும். வகுப்பெடுத்தவரும் இல்லை, எந்த ஊரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரும் இல்லை. அமைச்சரின் பை தூக்க வந்தவர் என்றே நாங்கள் நினைத்தோம்.

"இதுங்களுக்கா காது கேக்காது? ஒரு பிள்ளை கையைக் கூட அசைக்கலையே! டீச்சர் வாயையே பாக்குதுங்க."

"எங்க பிள்ளைங்க யாருக்கும் சளைச்சவங்க இல்ல, தம்பி" என்றாள் லொரெய்ன்.

"அப்ப இந்தச் சைகையெல்லாம் இல்லாமலே சமாளிச்சிருவாங்க, இல்ல?"

விருந்தாளியை மறுத்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. "டீ குடிக்கிறீங்களா?" என்று சிரித்து மழுப்பினாள் லொரெய்ன். அவர் போனதும் தரை அதிர்ந்தது. என் குழம்பில் சுண்ணாம்பு விழுந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று நானும் சிரித்தேன்.

வசந்தம் வருவதற்குள் அந்த அமைச்சரின் பதவி போயிற்று. பியர்ஸ் புது அமைச்சரிடம் அதே நாற்காலியில் இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே மாறிவிட்டது, பூசாரி மாறவில்லை. ஆசிரியர் பேசும்போது பிள்ளைகள் கை கட்டி அவர் வாயைப் பார்க்க வேண்டும் என்று புது விதி வந்தது. காது கேளாதவர்களுக்கும் அதுவேதான். 'வடக்கே ஒரு பள்ளியில் என் கண்ணாலேயே பார்த்தேன்' என்று பியர்ஸ் சொன்னாராம். கை கட்டி வாய் பொத்தி நிற்பது என்கிறோமே, இந்தப் பிள்ளைகளுக்குக் கையைக் கட்டினாலே வாயும் பொத்தியாயிற்று.

சனிக்கிழமைகளில் நூலகத்தில் மக்களைச் சந்திக்கும் எங்கள் எம்.பி.யிடம் லொரெய்ன் போனாள்.

"நான் சபையில கேட்டேம்மா. பரிசீலிக்கிறோம்னு அமைச்சர் சொல்றார். முடிவு பண்றவர் சபைக்கே வர்றதில்ல. அவரை நான் எங்க போய்க் கேக்க?"

"அப்ப அந்த ஆளை இறக்கணும்னா நான் யாருக்கு ஓட்டுப் போடணும்?"

சைகை உதவியாளர் இனித் தேவையில்லை என்று கோடை விடுமுறைக்கு முன்பே லொரெய்னை அனுப்பிவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் கீராவின் பிறந்தநாளுக்கு லொரெய்ன் கேக் சுட்டு எடுத்து வந்தாள். வாசலில் இருந்த புதுப்பெண்ணுக்கு அவளைத் தெரியவில்லை; ஒரு பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினாள். லொரெய்ன் சமையலறையில் என்னை எட்டிப் பார்த்துவிட்டு மாடி ஏறினாள்.

அறைக்குள் நுழைந்ததும், 'பிறந்தநாள் வாழ்த்து, என் தங்கமே' என்று கையாலேயே சொன்னாளாம். கீரா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே, இரு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

லொரெய்ன் கேக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஆள் போனதும் உதைக்கலாம் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, அதற்காகக் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள். கீழே நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்பு உதிரவில்லை.