அத்தை பூஜை போட்ட கிரைண்டர்

பழைய இயந்திரங்களின் தொட்டியில் தேங்கிக் கிடக்கும், சூடு தணிக்கிற கூலன்ட் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. பார்த்தால் தண்ணீர் கலந்த பால் மாதிரி வெளுப்பாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த மோரும் மண்ணெண்ணெயும் இரும்பும் ஒன்றாகக் கலந்தாற்போல ஒரு நெடி. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவின் சாம்பார் வாசனைக்கு முன்னால் இந்த நெடிதான் வாசலுக்கு ஓடி வரவேற்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "உங்க வூட்ல என்னடி காச்சறாங்க?" என்று கேட்டே விட்டாள்.

அப்பா பழைய கிரைண்டர் வாங்கி விற்பவர். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் இப்படிச் சொன்னால், மாவு அரைக்கிற கிரைண்டர் என்று நினைத்துக்கொண்டு இட்லி அரிசி கணக்கு கேட்பார்கள். அப்பா விற்றது இரும்பை அரைக்கிற கிரைண்டர். "சக்கு" என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் காந்த மேடையின்மேல் ஓர் இரும்புத் துண்டை ஒட்ட வைத்து, சுழலும் கல்லுக்கு அடியில் முன்னும் பின்னுமாக ஓட்டினால், தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிச் சீவி அதைக் கண்ணாடி போல மட்டமாக்கிவிடும். சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகள் புதியதை வாங்கும்போது பழையதை ஏலத்தில் தள்ளிவிடும். அப்பா அதை எடுத்து லாரியில் ஏற்றி வந்து, செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டில் இறக்கி, கழற்றிக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, ஆரணி, வேலூர், ராணிப்பேட்டைப் பட்டறைகளுக்கு விற்பார்.

இந்தத் தொழிலில் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்தேகம் உட்கார்ந்திருக்கும். தேய்ந்து குழிந்த சக்கை அதே இயந்திரத்தில் ஓட்டிப் பளபளப்பாக்கி, உடம்பு முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்து, "புதுசு மாதிரி சார்" என்று தலையில் கட்டுகிற மகானுபாவர்கள் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பளபளப்பைக் கண்டால்தான் பயப்படுவார்கள். "பெயின்ட் வாசன வந்தா பர்ஸ கெட்டியா புடிச்சிக்க" என்பது பட்டறைக்காரர்களின் வேதவாக்கு. அப்பா பெயின்ட் அடிக்க மாட்டார், சக்கையும் அரைக்க மாட்டார். பழைய கீறல்களை அப்படியே விட்டு, துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி, மேலே எண்ணெய்க் காகிதம் விரித்து வைப்பார்.

அந்த வருஷம் ஷெட்டில் நின்ற கிரைண்டர் மட்டும் அப்பாவுடையதில்லை; அத்தையுடையது. அத்தை, அப்பாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த வீட்டில் அவளுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஆய்வதும் மாட்டுக்கொட்டகையும்தான் மிஞ்சின. ஒருநாள் தகரப்பெட்டியோடு பஸ் ஏறி எங்களிடம் வந்துவிட்டாள். அவளுடைய கொழுந்தனார் மாதம் தவறாமல் வந்து, காபியைக் குடித்துவிட்டு, "நீங்க இல்லாம வூடு வூடாவே இல்ல அண்ணி. இந்த தீபத்துக்கு வந்து கூட்டிக்கினுதான் போவேன்" என்பார். அவர் வீடு என்று சொன்னது களத்துமேட்டைத்தான் என்பது அவர் குடித்த காபிக்குக்கூடத் தெரியும்.

போகமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல அத்தைக்கு ஆசைதான். ஆனால் தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. அப்பா ஏலத்துக்குக் கிளம்பிய ஒருநாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "இத வெச்சி என் பேர்ல ஒரு மெஷின் எடுறா. தீபத்துக்குள்ள வித்துட்டா நானும் தொழில்ல ஒருத்தி. விக்கலன்னா வாய மூடிக்கினு அவங்க கூட போயிடறேன்." அப்பா எவ்வளவோ மறுத்தும் அவள் விடவில்லை.

அப்படி வந்த கிரைண்டர் அது. புரட்டாசி பிறந்தும் விலைபோகவில்லை. வந்து பார்த்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "பாத்து சொல்றேங்க" என்று நழுவினார்கள். கடைசியில் ராணிப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த கரீம் பாய், விஜயதசமி அன்று வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடித்துவிட்டால் பேரம் இல்லை, பிடிக்காவிட்டால் மறுபேச்சு இல்லை என்று பெயர் வாங்கியவர். அத்தைக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதல்நாள் ஆயுத பூஜை. அம்மா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை ஷெட்டுக்குப் போனாள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் குங்குமம் ஒட்டவில்லை. ஒட்டாத குங்குமம் அபசகுனமாகப் பட்டதோ என்னவோ, குத்துவிளக்கைத் தேய்க்கிற பெண்களுக்கே உரிய வேகத்தோடு, சீயக்காய்த்தூளும் ஈரத்துணியுமாகச் சக்கைத் தேய்த்துத் துடைத்துவிட்டாள். சந்தனம் வைத்தாள், பொட்டு வைத்தாள். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சக்கின் ஓரத்தில் இரண்டு மூடியையும் கவிழ்த்து வைத்தாள். அப்பா வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அந்த எலுமிச்சம்பழத்த மட்டும் எடுத்துடட்டா?"

"பூஜைல வெச்சத எடுக்கறதா? நாளைக்கு மறுபூஜ ஆவாம யாரும் கை வெக்கக் கூடாது. அதுக்கும் இன்னிக்குதான்டா லீவு."

ஆயுதங்கள் ஓய்வெடுக்கிற நாளில் அவற்றைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஊரில் சைக்கிள் கடைக்காரர் முதல் தையற்காரர் வரை யாரும் மீறாத சட்டம். அப்பா பழத்தைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். சுண்டல் சாப்பிட வந்துவிட்டார். அன்று இரவு மலையை மறைத்துக்கொண்டு நல்ல மழை பிடித்தது.

காலையில் மறுபூஜை முடித்து, அத்தை எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அடியில் பழுப்பேறிய இரண்டு வட்டங்கள். முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை, இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"கல்ல ஒரு தடவ ஓட்டினா போயிடுமில்ல? ஓட்டுடா."

அப்பாவின் கை சுவிட்ச் வரை போயிற்று, பிறகு இறங்கிவிட்டது. "ஓட்டினா புதுசா அரச்சது பளிச்சுனு தெரியும்க்கா. எதையோ மறைக்கிறான்னுவாரு. உட்டா, துரு புடிச்ச மெஷின்னுவாரு." திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள், திருடாமலே தேள் கொட்டி நின்றார் என் அப்பா. வேறு வழியில்லாமல் எண்ணெயைப் பூசி, காகிதத்தை விரித்து மூடினார்.

பாய் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கக்கத்தில் ஒரு தோல்பை. "சாயா அப்புறம், மொதல்ல மெஷின்" என்று நேராக ஷெட்டுக்குப் போனார். காகிதத்தைத் தூக்கி, எண்ணெயைத் துணியால் ஒதுக்கினார்.

"இது என்னாப்பா?"

"ராத்திரி நல்ல மழ பாய். மேல ஷீட்டு ஒழுகி..." என்றார் அப்பா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்கிற பொய் அது. கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

பாய் குனிந்து பார்த்தார். "மழ இவ்ளோ ரவுண்டாவா பேஞ்சுது?"

அந்நிய ஆண்பிள்ளைகள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற அத்தை அன்று ஷெட்டுக்குள் வந்தாள். "மழ இல்லீங்க, நான்தான். எண்ணெய தொடச்சிட்டு எலுமிச்சம்பழம் வெச்சேன். தம்பி எடுத்துடறேன்னான், நான்தான் உடல. மெஷின் என்னுதுங்க." கடைசி வார்த்தை வரை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"அரைச்சி மறச்சிருக்கலாமேம்மா?"

"மறச்சா, மறச்சதும் தெரியும்னு தம்பி சொன்னான்."

பாய் மறுபடி குனிந்தார். நகத்தால் வட்டத்தின்மேல் இழுத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்து, சக்கு முழுவதும் ஓடிய பழைய கீறல்களை வெளிச்சத்தில் பார்த்தார். கல்லை ஓட விடச் சொல்லி, அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க இயந்திரத்தின் தலைமேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார். கல் சுழன்றது, நாணயம் விழவில்லை. தோல்பையிலிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்துக் கொடுத்து அரைக்கச் சொன்னார். நான்கு மூலைகளிலும் அளந்தார், திருப்பி வைத்து மறுபடி அளந்தார். அத்தனை நேரமும் அத்தை நாணயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்மானம் கம்மி. கறையும் ஜாஸ்தி எறங்கல" என்றார் பாய் கடைசியில். அப்பாவின் பக்கம் திரும்பி, "நீ மழன்னு சொன்னப்பவே பஸ் ஏறியிருப்பேன். அந்தம்மா சொன்னதுக்குதான் நின்னேன்" என்றார். முன்பணத்தை எடுத்தபோது அப்பா கையை நீட்டினார். பாய் அவரைத் தாண்டி அத்தையிடம் கொடுத்தார். "மெஷின் அவங்களுதுன்னா இதுவும் அவங்க கைக்குதானே போவணும்?" அத்தை கையைப் புடவையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். பிறகுதான் அழுதாள்.

தீபத்தன்று கொழுந்தனார் சொன்னபடியே வந்தார். அத்தை அடுத்த கிரைண்டருக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நான் வந்துட்டா இத யாரு பாக்கறது? தீபம் பாத்துட்டு சாப்ட்டுட்டு போங்க" என்றாள். அவர் இரண்டையும் செய்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் எலுமிச்சம்பழம் ஒரு பலகைக்கு மாறியது. சக்கின் எண்ணெயைத் தொட அத்தை சாமியைக்கூட விட்டதில்லை.

நான் கல்லூரியில் படித்தபோது, பாய் வேறு இயந்திரம் வாங்குவதற்காக அந்தக் கிரைண்டரை விற்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். இந்தத் தொழிலில் இயந்திரங்கள் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்களைப்போல இப்படிச் சில சமயம் திரும்பும். அப்பாவுக்கு முதுகுவலி. அத்தையும் நானும் ராணிப்பேட்டைக்குப் போனோம். சக்கு கண்ணாடியாக மின்னியது. வட்டங்களின் சுவடே இல்லை. அத்தை குனிந்து, கொஞ்சமும் தேடாமல் ஓரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதான்."

"அத வாங்கின வாரமே அரைச்சிட்டேம்மா" என்று பாய் சிரித்தார். அத்தை விரலை எடுக்கவில்லை.

அத்தை இப்போது இல்லை, அப்பாவும் இல்லை. பழைய இயந்திரங்களைக் கைப்பேசியில் படம் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள்; நாணயத்தை நிறுத்திப் பார்க்க யாரும் பஸ் ஏறி வருவதில்லை. எங்கள் ஷெட் இருந்த இடத்தில் பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி ஒரு லாட்ஜ் எழுந்திருக்கிறது. போன ஆயுத பூஜையன்று அந்தப் பக்கம் போனவள் சும்மா உள்ளே நுழைந்தேன். வழவழவென்று டைல்ஸ். கணினிக்கு வைத்த பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. கூலன்ட் நெடி இருக்க வேண்டிய இடத்தில் ஊதுவத்தி மணந்தது. நான் நாலடி நடந்து, ஓரிடத்தில் நின்றேன்.

"ரூம் வேணுங்களாக்கா?" என்றான் வரவேற்பில் இருந்த பையன்.

"இல்லப்பா. இங்கதான் எங்க அத்தையோட மெஷின் இருந்துது" என்றேன்.