வாசலில் அத்தை வைத்த ரோவன் செடி

இன்று மதியம் மலையிலிருந்து இறங்கிய கழுதைக்காரர், போடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு இருந்த என் அத்தை வேலுத்தாய் அவர்கள் காய்ச்சலில் இறந்து மூன்று நாளாகிறது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அப்பா தலைக்குத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளவில்லை.

"வெளிய தெரிஞ்சா தீட்டு. கல்யாணம் நின்னு போகும். ஒருத்தரும் அழக்கூடாது" என்றார்.

அக்காவின் கல்யாணத்துக்கு நாளை பந்தக்கால். அதனால் எல்லோரும் தூங்கியபின் பூகோள நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை முறத்தால் மறைக்கிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. இருபது வயதில் தாலியிழந்து, மலைமேல் துரைவீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். துரை சீமைக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு தகரப்பெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு செடி. இலை வேப்பிலை போலப் பல்பல்லாக இருந்தது. பேர் ரோவன். துரைசாணி ஊரில் அதை வாசலில் வைப்பார்களாம்.

"இத வச்சா கெட்டது வீட்டுக்குள்ள வராதாம், ஆத்தா."

"அப்ப அப்பா எப்படி உள்ள வருவாக?" என்றேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தாலியறுத்தவர்கள் வாசலில் செடி வைக்கக்கூடாது என்பார்கள். ஆகவே குழி தோண்டி ஊன்றியது அத்தை, முதல் தண்ணீர் ஊற்றியது நான்.

"யாரு கேட்டாலும் நீ வச்சதுன்னு சொல்லிரு. உன் கையக் குத்தம் சொல்ல மாட்டாக."

சித்திரை வெயிலில் செடி சுருண்டது. அத்தை ஈரச்சாக்கைப் பந்தலாகக் கட்டினார்கள். இரண்டு வருஷத்தில் என் முழங்கால் உயரம்தான் வந்தது. "குளுருல பொறந்த பிள்ள, மெதுவாத்தேன் வரும்" என்பார்கள்.

போன தையில் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், "இது யாரு வச்சது?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பின்னால் புளியங்குச்சி இருக்கும். "அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் எழுந்தார்கள். அப்பா செடியை வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தார். "அறுதலி கை வச்ச வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்? மலைக்கே போ!"

தகரப்பெட்டியோடு கிளம்பும்போது அத்தை என் தலையைத் தடவினார்கள். "பயந்துட்டியா ஆத்தா? பயந்தா அப்படித்தேன் வாயில வரும்." திட்டியிருக்கலாம்.

அதே வீட்டார் மாசியில் திரும்பி வந்து அக்காவுக்கே பூ வைத்தார்கள். அத்தையைக் கூப்பிட யாரும் மலையேறவில்லை.

செடி இருந்த இடத்திலேயே பந்தக்காலுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். காலையில் அதில் பால் ஊற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கை நல்ல கையாம். நான் ஊற்றுவேன், அழவும் மாட்டேன்.

அத்தை, அந்தச் செடியை நான்தான் வைத்தேன். இங்கே மட்டும்தான் சொல்ல முடிகிறது. போய் வாருங்கள்.