அண்ணன் தூக்கிக் கட்டிய ஜீப்

தொண்ணூறுகளில் விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டு முற்றம் பார்க்கச் சகிக்காது. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பை அண்ணன் அங்கேதான் பிரித்துப் போட்டிருந்தான். மலைப்பாதையில் அடிப்பாகம் கல்லில் தட்டக் கூடாதென்று ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்து, பெரிய டயர்களை மாட்டி, வண்டியைத் தூக்கிக் கட்டினான். பேரிங் கழுவிய மண்ணெண்ணெய் முற்றமெங்கும் ஓடிக் கிடந்தது. சோற்றில்கூடக் கிரீஸ் வாடை அடிக்கும்.

தங்கையைப் பெண் பார்க்கக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவர்கள் ஜீப்பைப் பார்த்ததும் முற்றத்திலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியோடு குனிந்து பட்டைகளைத் தடவினார்.

"ஸ்டியரிங் ஆடுதா தம்பி?"

"லேசா ஆடுது அண்ணாச்சி. பைய சரி பண்ணிருவேன்."

தங்கை காபித் தட்டோடு வாசலில் நின்றாள்.

"பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. இந்த வண்டியையும் சேத்து அனுப்பிருங்க" என்றார் அவர். அவளை அவர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

தரகர் மூலம் நகை கேட்டபோதும் பீரோ கட்டில் கேட்டபோதும் அண்ணன் தலையாட்டியிருந்தான். இப்போது பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"வேற எது வேணும்னாலும் கேளுங்க அண்ணாச்சி. இது மட்டும் முடியாது."

அவர்கள் காபியைத் தொடாமலே போனார்கள். தங்கை அதைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கடியில் போய்ப் படுத்தான்.

"ஏலே, அந்த மனுசனுக்கு வண்டி வெவரம் தெரியுது. பட்டை கூடிப்போய்தான் ஸ்டியரிங் ஆடுது போல, ஒண்ணைக் கழட்டிப் பாப்போம். ஸ்பேனரை எடு."

நான் தெருவில் இறங்கி நடந்தேன்.