வானத்திலிருந்து எடுத்த நாரந்தனைப் படம்

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் யூலியானாவைப் பற்றி விசாரித்தால், "அவ லண்டனிலை ஸ்ரூடியோவிலை நிண்டவ" என்பார்கள். கலியாணப் படம் எடுக்கிற ஸ்ரூடியோ என்பது அவர்களுடைய நினைப்பு. அவள் திருத்தப் போனதில்லை. விண்வெளி ஆராய்ச்சிக்கூடத்தில் படப்பிரிவு என்று ஒன்று இருந்தது, அங்கேதான் வேலை என்று ஒருமுறை சொன்னபோது, "அப்ப ரொக்கற்றிலை போனனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த இடம் லண்டனும் அல்ல. இங்கிலாந்தின் வடக்கே, ஆடுகள் மேயும் மேட்டு நிலத்தில் இருந்தது.

கடற்றொழிலாளி குருசுமுத்துவின் மூத்த மகள் அவள். யாழ்ப்பாணத்தில் கன்னியர்மடத்தில் தங்கி இரசாயனம் படித்தவள். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் உறவினர் ஒருவர் அவளை இங்கிலாந்துக்குக் கூப்பிட்டார். அங்கே பிஸ்கற் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றாள், ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தாள். பிறகுதான் படப்பிரிவின் இருட்டறைக்கு உதவியாள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். இரசாயனம் படித்தது ஒருவழியாகக் கைகொடுத்தது.

அந்தப் பிரிவைத் தொடங்கியவர், பெரிய யுத்தத்தில் விமானத்திலிருந்து படம் பிடித்த ஒரு பட்டாளத்துக்காரர். குதிரைலாயம் ஒன்றின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து முதல் இருட்டறையை உண்டாக்கினாராம். அந்தக் காலத்தில் ரொக்கற்றின் தலையில் கமராவை வைத்து அனுப்புவார்கள். பிலிம் கடலில் விழும். தேடி எடுத்துக் கழுவினால் சிலவேளை உப்புத்தான் மிஞ்சும். பிறகு பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள் வந்தன. வானத்திலிருந்து வரும் சமிக்ஞையை வரிவரியாகப் பிலிமில் எழுதி, அதிலிருந்து தாளில் படம் எடுக்க வேண்டும். யூலியானா சேர்ந்த நேரம் பிரிவு ஒரு முழு மாடியைப் பிடித்திருந்தது. தலைவர் கிரேவ்ஸ், யூலியானா என்று சொல்ல வாய் வராமல் அவளை 'ஜூலி' ஆக்கினார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சண்டை தீவுப்பகுதிக்குள் வந்தது. சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியது. யூலியானாவின் தம்பி அலோசியஸ், வயிற்றில் பிள்ளையோடு இருந்த மனைவி மேரிஜோசப்பினைத் தகப்பனோடு முன்னால் அனுப்பிவிட்டு, "சுருவில் கரையிலை வள்ளத்தைப் பாத்திட்டு வாறன்" என்று பக்கத்து ஊரான சுருவிலுக்குப் போனான். அவன் வரவில்லை. கொழும்பில் இருந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது மாதம் மாறிவிட்டிருந்தது.

அந்த மாரியில் பாக்குநீரிணையில் மணலும் சேறும் எப்படி நகர்கின்றன என்று ஆராய்கிறவர்களுக்காகச் சில பிலிம்கள் இருட்டறைக்கு வந்தன. ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்தபோது யூலியானாவுக்குக் கை நின்றுவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு தெரிந்தது. அதன் மேற்கே தீவுகள், பண்ணைப் பாலத்துக் கோடு, ஊர்காவற்றுறை வாய்க்கால். படம் எடுத்த திகதி, அலோசியஸ் காணாமல் போனதற்குச் சில நாள் பின்னால்.

மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அவள் அந்தப் பிலிமைப் பெருப்பிக்கிற மெசினில் வைத்தாள். முதல் தாளில் நாரந்தனை ஒரு விரல்நகம் அளவு வந்தது. இன்னும் பெருப்பித்தாள். கோயில் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கூரை இருக்கிறதா, சுவர் மட்டுமா என்று சொல்ல ஏலாது. சுருவில் கரையைத் தேடினாள். மெசினின் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, சுவரில் தாளை ஒட்டி, மேலும் பெருப்பித்தாள். இப்போது கோயிலும் இல்லை, கரையும் இல்லை. வெறும் மணல்மணலாய்க் கறுப்பும் சாம்பலும். அந்தச் சாம்பலுக்குள் தம்பி நிற்கிறான் என்பது போல அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கிரேவ்ஸ் உள்ளே வந்தது தெரியவில்லை. "என்ன தேடுகிறாய், ஜூலி?" என்று கேட்டார்.

"என் ஊர். என் தம்பியைக் காணவில்லை."

அவர் நிலத்தில் கிடந்த தாள்களைப் பார்த்தார். "இவை அரசாங்கத்தின் தாள்கள். உன் தம்பியைத் தேடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார்.

தாள்கள் எல்லாவற்றையும் அவரே பொறுக்கிக் குப்பையில் போட்டார். அடுத்த கிழமை அவளை இருட்டறையிலிருந்து எடுத்து, படங்களை உலர்த்தி வெட்டி அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். பிரிவு மூடப்படும்வரை அவளுக்கு அதுவே இடம். பின்னால் வந்த பெடியன்களும் பெட்டைகளும் மேலே போனார்கள். அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். கணினிகள் வந்ததும் மாடி பாதியானது, பிறகு ஓர் அறையானது, பிறகு அதுவும் இல்லை. மெசின்களைக் கழற்றி இரும்புக்குக் கொடுத்தார்கள். அவளை நூலகத்துக்கு அனுப்பி, ஓய்வுபெறும்வரை அங்கே வைத்திருந்தார்கள்.

கலியாணம் செய்யாதவள். ஓய்வு கிடைத்ததும் நாரந்தனைக்கு வந்து, மேரிஜோசப்பினோடும், தகப்பன் முகம் காணாமல் பிறந்த மகள் அன்ரனிட்டாவோடும் இருக்கத் தொடங்கினாள். அன்ரனிட்டா ஊர்காவற்றுறையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள்.

போன வருடம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து எம்மா என்ற இளம்பெண் மின்னஞ்சல் அனுப்பினாள். படப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். அங்கே வேலைசெய்தவர்களின் நினைவுகள் வேண்டுமாம். யூலியானாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும் என்று மேரிஜோசப்பினையும் கேட்டாள்.

"காணாமல் போனவையை விசாரிக்க வந்த எத்தினை கொமிசனுக்குச் சொன்னனான், மச்சாள். வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்றாள் மேரிஜோசப்பின்.

"அவை கொமிசன்காரர், ஜோசப்பின். இது புத்தகம். அவன்ரை பேர் ஒரு இடத்திலை எண்டாலும் எழுத்திலை கிடக்கட்டும். நீரும் வந்து இரும்."

எம்மா காணொளியில் பேசிய நாளில் தொலைபேசியின் முன்னால் கதிரைகளைப் போட்டு மூன்று பேரும் இருந்தார்கள். யூலியானா இருட்டறையைச் சொன்னாள். மேரிஜோசப்பின் ஆவணி மாதத்தைச் சொன்னாள்; அன்ரனிட்டா மொழிபெயர்த்தாள். பிறகு மேரிஜோசப்பின் அலுமாரியைத் திறந்து அலோசியஸின் படத்தை எடுத்து வந்து கமராவுக்கு நேரே பிடித்தாள். எம்மா அழுதாள். "இது கட்டாயம் வரும்" என்றாள். அந்தப் படத்தையும் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இந்த வருடம் புத்தகம் தபாலில் வந்தது. தடித்த பளபளப்புத் தாள். மேரிஜோசப்பின் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். அன்ரனிட்டா பக்கங்களைப் புரட்டினாள். குதிரைலாயம் இருந்தது, கடலில் எடுத்த பிலிம் இருந்தது. 'இருட்டறைச் சிரிப்புகள்' என்ற பகுதியில், கிரேவ்ஸ் இறப்பதற்கு முன் சொல்லிவிட்டுப் போன நினைவுகளுக்கு நடுவே யூலியானா இருந்தாள். அன்ரனிட்டா வாசிக்கத் தொடங்கி நிறுத்தினாள்.

"வாசி பிள்ளை" என்றாள் தாய்.

"எங்களிடம் ஜூலி என்று ஒரு இலங்கைப் பெண் இருந்தாள். வீட்டு ஞாபகம் வந்து, தன் வீட்டைப் பார்ப்பதற்காக ஒரு செய்மதிப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து, கடைசியில் சுவர் முழுக்கப் புள்ளியாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு யாராவது வீண்வேலை செய்தால், 'ஜூலி, வீடு தெரிகிறதா?' என்று கேட்பது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது."

அந்தக் கேள்வியை யூலியானா பலமுறை காதால் கேட்டிருக்கிறாள். உலர்த்தும் அறையின் கதவுக்கு வெளியே சிரிப்போடு கேட்கும். தன் பெயரை ஏன் வேறு ஆட்களுக்குச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

"அவற்ரை பேர் எங்கை?" என்று கணவனைக் குறித்துக் கேட்டாள் மேரிஜோசப்பின்.

அன்ரனிட்டா கடைசிப் பக்கம்வரை பார்த்தாள். "இல்லை, அம்மா."

"படம்?"

"அதுவும் இல்லை."

யூலியானா எம்மாவுக்கு எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது. போர் சம்பந்தமான விடயங்கள் ஒரு கொண்டாட்ட நூலுக்குப் பொருந்தாது என்று மேலிடத்தில் நினைத்தார்களாம். தனக்கு மிகவும் வருத்தமாம். அப்படியானால் என் கதையை எடுத்துவிடுங்கள் என்று யூலியானா திருப்பி எழுதினாள். இணையத்தில் போட்ட பிரதியில் அவர்கள் திருத்தினார்கள். 'ஜூலி' என்ற பெயரை எடுத்துவிட்டு 'ஒரு பெண்' என்று போட்டார்கள். சிரிப்பு அப்படியே இருந்தது.

"என்னை எடுத்தாச்சு" என்று யூலியானா குசினி வாசலில் நின்று சொன்னாள். "கதையை அப்பிடியே விட்டிட்டினம்."

மேரிஜோசப்பின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மேலை இருந்து படம் எடுத்தவை. கடலிலை சேறு எங்கை போகுது எண்டு பாத்தவை. ஒரு மனிசன் எங்கை போனவர் எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை. நீங்கள் ஒராள் பாத்தனீங்கள், உங்களைப் பாத்துச் சிரிச்சவை."

"நான்தான் உம்மைக் கூப்பிட்டு இருத்தினனான்."

"ஓம், மச்சாள். நீங்கள்தான்."

அதில் கோபம் இருந்ததா என்று யூலியானாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

போன மாதம் எம்மா மறுபடியும் எழுதியிருந்தாள். படப்பிரிவின் வரலாற்றை ஒரு கண்காட்சியாக வைக்கிறார்கள். யூலியானா பெருப்பித்த அந்தப் பழைய பிலிம் களஞ்சியத்தில் கிடைத்திருக்கிறது. பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள். திறப்பு விழாவில் குடும்பத்தோடு காணொளியில் சில நிமிடம் பேச முடியுமா என்று கேட்டிருந்தாள். அன்ரனிட்டா அதைத் தாய்க்குச் சொன்னாள்.

"எனக்கு இனி ஏலாது, பிள்ளை. அவற்ரை முகத்தை இனி ஒருத்தருக்கும் காட்டமாட்டன்" என்றாள் மேரிஜோசப்பின். அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

யூலியானா எம்மாவுக்குப் பதில் போடவில்லை.