அத்தான் வெட்டிய மாடம்

அக்காவின் கணவர் போன வருடம் காலமானார். தேவாலயத்தில் அவருக்காக நடந்த நன்றி ஆராதனையில், குடும்பத்தில் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பது எனக்கு என்றைக்கும் வராத காரியம். அவருடைய மகன்தான் எழுந்தான். அப்பா ஒரு ஞாயிறும் ஆலயம் தவறாதவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்று சொல்லி, அழுதுவிட்டு உட்கார்ந்தான். அன்று நான் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அத்தான் கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ். கண்டியைச் சுற்றி அவர் கட்டிய சுவர்கள் எத்தனையோ. அம்மா இறந்தபின் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் தனியாக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாள் அத்தானே த்ரீவீலர் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"என்னா புள்ள, இந்த அட்டைக் கடியில தனியா இருந்து என்னா செய்யப் போற? சாமான கட்டு."

வத்தேகம போகிற பாதையில் அவர்கள் வீடு. அக்கா கல்யாணத்தோடு ஆலயத்துக்குப் போகத் தொடங்கியவள். நான் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள். எதையும் விடச் சொல்லி அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் எனக்குக் கூச்சம். அம்மா கும்பிட்ட அம்மன் படத்தை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் கதவைப் பாதி திறந்து, கும்பிட்டுவிட்டு மூடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, சட்டை எடுக்க வந்த அத்தான் பார்த்துவிட்டார்.

"சாமிக்கு மூச்சு முட்டாதா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவன்று உளியும் சுத்தியலும் எடுத்து, சமையலறைச் சுவரில் படத்துக்கு ஒரு மாடம் வெட்டினார். ஓரங்களை வழவழவென்று பூசினார். ஊர்க்காரருக்கு இழைப்பதைவிட இதற்கு அதிகமாக இழைக்கிறார் என்று அக்கா கேலி செய்தாள்.

அவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை அவருக்கு வரும். அவருக்கு இருந்த ஒரே பெருமை அது. முந்திய நாள் மாலை சமையலறையில் கதிரையைப் போட்டு, சிமெந்து அறுத்த விரலை வரிக்குக் கீழே வைத்து, நாலைந்து தடவை வாசித்துப் பழகுவார். பாபிலோன் ராஜாவின் பெயர் வந்தால் நின்றுவிடுவார்.

"இந்த மனுசனுக்குச் சின்னதா ஒரு பேரு வச்சிருக்கலாம்," என்பார். நான் அரிசி களைந்துகொண்டே சிரிப்பேன்.

புதன்கிழமைகளில், ஆலயத்துக் குடும்பங்கள் முறைவைத்து வீட்டு ஜெபம் நடத்தும். எங்கள் முறை வந்த வாரம், சபை மூப்பர் ஒருவர் வாசலில் நின்று அத்தானிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"குசினியில ஏதோ படம் இருக்காமே தம்பி. புதன்கிழமைக்கு முந்தி அத எடுத்துருங்க. இல்லாட்டி நாங்க எப்பிடி வந்து ஜெபம் பண்றது?"

"பாப்போம் ஐயா."

அத்தான் படத்தை எடுக்கச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். என் பயமே அதனால்தான். என்னால் அவர் ஆலயத்தில் தலைகுனிய வேண்டுமா? புதன்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும், படத்தைச் சேலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினேன். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சித்தப்பா மகள் இருந்தாள். அவளிடம் போய்விடலாம் என்று நினைத்தேன்.

குட்ஷெட் பஸ் நிலையத்தில் இரண்டு பதுளை பஸ்கள் புறப்பட்டுப் போயும் நான் ஏறவில்லை. ஏறினால் திரும்பி வர ஒரு வீடு இருக்காது என்று தோன்றியது.

மூன்றாவது பஸ்ஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது அத்தான் வந்து சேர்ந்தார். நான் பையோடு பஸ் ஏறியதைப் பார்த்த அக்கா போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். காற்சட்டை முழுக்கச் சிமெந்து. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"பதினஞ்சு பேர் ஜெபத்துக்கு வர்றாங்க. ஒங்க அக்கா ஊத்துற டீய குடிச்சா அடுத்த மொற ஒருத்தரும் வரமாட்டாங்க. எந்திரி புள்ள."

"படம் இருந்தா இந்த மொறயே வரமாட்டாங்களே அத்தான்."

"அப்ப டீ மிச்சம்."

பையை அவரே தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் படத்தை மாடத்தில் வைத்தார்.

மாலையில் எல்லாரும் வந்தார்கள். மூப்பர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னேனே."

"அது எங்க வீட்டுப் புள்ளயோட சாமி ஐயா. இருக்கட்டும். மொதல் பாட்டு எத்தனாம் நம்பர்?"

உள்ளே நான் அவர்களையே கவனித்துக்கொண்டு ஊற்றியதில், பாதி டீ பீரிஸ் தட்டில்தான் விழுந்தது. பாட்டைத் தொடங்கினார்கள். மூன்று நாலு பேர் டீ குடிக்காமல் போனார்கள். மற்றவர்கள் குடித்தார்கள். நான் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தான் சனிக்கிழமைகளில் வாசித்துப் பழகுவதில்லை. கேட்டேன்.

"கண்ணு மங்கிப்போச்சு புள்ள. எழுத்து தெரியல."

அதை நம்பி, தையல் கூலியில் சேர்த்து அவருக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். நல்லாத் தெரியுது என்று போட்டுக்கொண்டார். ஞாயிறு தவறாமல் அந்தக் கண்ணாடியோடு ஆலயத்துக்குப் போய், மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்தார். வருடக்கணக்காக அப்படித்தான்.

போன மாதம் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள், அவருடைய கண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு, வேதபாடம் வாசிக்கிறவர்களின் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்களாம். மறுபடி ஒரு தடவையும் கூப்பிடவில்லையாம்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ திரும்பப் பையத் தூக்கிக்கிட்டுப் போயிருவன்னு, சொல்லவே கூடாதுன்னுட்டாரு."

போயிருப்பேன்தான். என்னை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.