என் பேரில் ஓடிய தறி

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பெங்களூர், சூரத் என்று எங்கெங்கோ வேலை பார்த்தேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் மட்டும் ஆரணியில் சில வருடம் அடங்கிப் பட்டு நெய்தேன். அப்போதுதான் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினரானேன். சேலைக் கூலியில் ஒரு பங்கைச் சங்கம் பிடித்து வைக்கும்; அரசாங்கமும் கொஞ்சம் போடும். வயதான பிறகு அந்தத் தொகையும் மாதாமாதம் பென்ஷனும் கிடைக்கும். தறி ஓடாமல் நின்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மனைவியையும் மகளையும் ஆரணியில் விட்டுவிட்டு ஷார்ஜாவுக்குப் போனேன். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. வயதான காலத்துக்கென்று அங்கே என் சம்பளத்தில் யாரும் எதுவும் பிடிக்கவில்லை. அதனால் ஊரில் சங்கத்துப் பிடித்தம் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு மனைவி நெய்ய வேண்டும். அவள் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் அப்பா வீட்டிலேயே நெய்து பழகியவள். சேலையை அவள் நெய்வாள், சங்கத்தில் என் உறுப்பினர் எண்ணில் போடுவாள், என் பேரில் பிடிப்பார்கள். எங்கள் தெருவில் இது புதிதில்லை. தறி ஆம்பளை பேரில் இருக்கும். மிதி மிதிக்கும் தறிக்குழியில் யார் கால் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சங்கத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் கேட்டார். வீடு வீடாகத் தறி பார்க்க வந்தவர், "ஏம்மா, வீட்டுக்காரரு எங்க?" என்றார்.

"கடைக்குப் போயிருக்காருங்க."

அடுத்த முறையும் அதே பதில். அதற்கடுத்த முறை அவரே, "எந்தக் கடைக்கும்மா? துபாய் கடைக்கா?" என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போனில் மனைவி சொன்னாள்:

"நேர்ல வந்து தறியில உக்காந்து காட்டச் சொல்றாரு. இல்லன்னா பேர எடுத்துடுவாராம்."

"சரி, லீவு கேக்கறேன்."

"எதுக்குங்க இந்த பேஜாரு? எத்தன நாளிக்கு பொய் சொல்லிகினு இருக்கறது? நெய்யறது நானு. என் பேருக்கே மாத்திடுங்களேன்."

"மாத்தினா என் வருஷமெல்லாம் போயிடும். நீ முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிக்கறேன். எனக்கு மட்டும் வயசாவாதா?"

போனை வைத்தேன். விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மேலாளர் வந்த அன்று அவர் எதிரில் தறியில் உட்கார்ந்தேன். பாதிச் சேலை அவள் நெய்தது. கை மாறினால் பட்டு காட்டிக்கொடுத்துவிடும். இழையை நெருக்க அவள் அடிக்கும் அடி மெலிது, ஒரே சீர். இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பழகிய என் கை ஓங்கி அடித்தது. நாலு விரற்கடை நெய்வதற்குள் சேலைக்குக் குறுக்கே கெட்டியாக ஒரு பட்டை விழுந்தது. மேலாளர் குனிந்து பார்த்தார். பட்டையைக் காட்டி, "இது நீங்க" என்றார். முன்பே நெய்திருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது?" என்றார்.

"எழுந்துருங்க. சேலை பாழாவுது" என்றாள் மனைவி.

எழுந்தேன். அவள் குழியில் இறங்கி, நான் போட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். வெகுநேரம் ஆயிற்று. மேலாளர் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிரித்து முடித்து அவள் நெய்ய ஆரம்பித்ததும் தறிச் சத்தமே வேறாக இருந்தது. எனக்கு வயதாகும்போது இவளுக்கும் வயதாகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"அவ பேருக்கே மாத்திடுங்க சார்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கணக்க முடிச்சுக் கையில குடுத்துடுவோம். அப்புறம் பென்ஷன் கெடையாது."

"தெரியும் சார்."

மறுநாள் சங்கத்தில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து விவரம் கேட்டார்கள். அவளுக்குப் பிறகு பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற இடம் வந்ததும், எழுத்தர் என்னைப் பார்த்துவிட்டு என் பெயரை எழுதப்போனார்.

"பொண்ணு பேர எழுதுங்க சார். அடுத்த வருஷம் எந்த ஊர்ல இருப்பாருன்னு இவருக்கே தெரியாது" என்றாள்.

எழுத்தர் சிரித்தார். விடுப்பு முடிந்து ஷார்ஜாவுக்குத்தான் திரும்பினேன். அந்த வருடமே மஸ்கட்டுக்கு மாறிவிட்டேன்.